டிஃபரன்ஷியல் மாற்றம்: வீட்டிலா, பட்டறையிலா?

வளைவுப்பிரியன்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது இருவர் மட்டும் அமரக்கூடிய, பின்சக்கர இயக்கமுள்ள சிறிய ஸ்போர்ட்ஸ் கார். ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இரண்டு மாதமாகப் பின்னாலிருந்து ஓர் ஊளைச் சத்தம். 70 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குகிறது, 90இல் உச்சத்துக்குப் போகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சட்டென்று அடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, கியர் மாற்றும்போதெல்லாம் இருக்கைக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு இடி.

பட்டறையில் காட்டினேன். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, டிஃபரன்ஷியல் (எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். வேலைக்கூலி மட்டுமே பழைய பாகத்தின் விலையைத் தாண்டுகிறது. அதனால்தான் இந்த யோசனை. உடைத்து விற்ற ஒரு காரிலிருந்து முழு டிஃபரன்ஷியல் ஒன்று கிடைக்கும் நிலையில் இருக்கிறது. பிரேக், ஷாக் அப்சார்பர், கிளட்ச் சிலிண்டர் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். சமமான சிமெண்டுத் தரை, கூரை, நான்கு ஸ்டாண்டுகள், ஒரு டார்க் ரெஞ்ச் இருக்கின்றன. வீட்டில் செய்யலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணெய்க்கறை

தாராளமாகச் செய்யலாம். எல்லாம் நட்டும் போல்ட்டும்தான். கூலியில் மிச்சமாகும் பணத்துக்கு நல்ல சாக்கெட் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய பட்டறை

தம்பி, வீடா பட்டறையா என்பது அப்புறம். போனது டிஃபரன்ஷியல்தானா என்று முதலில் பாருங்கள். முப்பது ஆண்டுகள் பட்டறை நடத்தி மூடியவன் நான். நல்ல டிஃபரன்ஷியலைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதிதை மாட்டிய பிறகும் அதே சத்தம் கேட்டு, வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்ற நாள் எனக்கும் உண்டு.

நீங்கள் சொல்வது இரண்டு சத்தங்கள். ஊளை வேறு, இடி வேறு. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆளில்லாத நேரான சாலையில் 80இல் போய் நியூட்ரலில் விடுங்கள். எஞ்சின் சுமை நீங்கியதும் ஊளை அடங்கினால் கிரவுனும் (உள்ளே இருக்கும் பெரிய பல்வளையம்) பினியனும் (அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்), அல்லது பினியன் பேரிங். அப்படியே தொடர்ந்தால் சக்கரப் பேரிங்கையோ டயரையோ பாருங்கள். பிறகு, வேகம் குறையாமல் மெதுவாக இடமும் வலமும் வளைந்து பாருங்கள். ஒரு பக்கம் வளையும்போது சத்தம் கூடி மறுபக்கம் குறைந்தால் அது சக்கரப் பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது காரின் எடை இடது சக்கரத்தில் சாயும். அப்போது கூடினால் இடதுபக்கப் பேரிங்.

இடிக்கு வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, அடியில் படுத்துப் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்புங்கள். அதன் முனை மூட்டான கிராஸ் ஆடுகிறதா? டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் ஒரு கடப்பாரை முனையைக் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் முழு டிஃபரன்ஷியலும் எழுந்து உட்காரும். நீங்கள் கேட்கும் 'டக்' அதுவாகவே இருக்கலாம்.

கடைசியாக, ஆயிலை இறக்கிப் பாருங்கள். இறக்குவதற்கு முன்னால் *ஊற்றும் துளையின் திருகைக் கழற்றிவிடுங்கள்*. கீழ்த்திருகைக் கழற்றி ஆயிலை முழுதும் வடித்துவிட்டு, மேல்திருகு துருவேறி அசையாமல் நின்றால், வண்டி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்களில் பாதிப்பேர் இந்த வாரமே அதைச் செய்வார்கள்.

நூலளவு

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வடிதிருகின் காந்த முனையில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல இருக்கும். செதிலோ முள்ளோ கையில் குத்தினால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது என்று பொருள்.

வளைவுப்பிரியன்

பார்த்துவிட்டேன். வரிசையாகச் சொல்கிறேன்.

நியூட்ரலில் ஊளை அடங்குகிறது. வளைவில் மாற்றம் எதுவும் இல்லை, அல்லது ஊளையை மீறி எனக்குக் கேட்கவில்லை. கிராஸ் நன்றாக இருக்கிறது. ஆனால் புஷ்! கடப்பாரையை லேசாக நெம்பியதும் டிஃபரன்ஷியல் ஒரு விரற்கடை மேலே எழுந்தது. ரப்பர் சுற்றிலும் அறுந்து, நடுவிலிருக்கும் இரும்புக் குழாய் தனியாக நிற்கிறது.

மேல்திருகு அசையவே இல்லை. நேற்று இரவு முழுக்கத் துருநீக்கி எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, இன்று காலையில் ஒரு மீட்டர் நீளக் குழாயை ரெஞ்சில் செருகி நெம்பிய பிறகுதான் பிடி விட்டது. ஐயா சொல்லாமல் இருந்திருந்தால் கீழ்த்திருகைத்தான் முதலில் தொட்டிருப்பேன். ஆயில் கறுப்பு. காந்தத்தில் களிம்பு நிறைய, அதற்குள் நகத்துண்டு அளவில் இரண்டு செதில்கள்.

பழைய பட்டறை

அப்படியானால் இடிக்குப் புஷ், ஊளைக்குப் பேரிங். பட்டறைக்காரர்கள் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். புஷ்ஷைப் பார்க்காமல் வேறு டிஃபரன்ஷியலை மாட்டியிருந்தால், அதே இடியோடு வண்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

நூலளவு

பிறகு ஏன் இன்னொருவர் கழித்துப்போட்டதை வாங்க வேண்டும்? உங்கள் டிஃபரன்ஷியலையே திறந்து பேரிங்குகளை மாற்றுங்கள். நான் வீட்டு மேசையில் செய்திருக்கிறேன். பட்டறைகள் இதை ஏதோ மந்திர வித்தை போலக் காட்டுகின்றன. அளவெடுக்கத் தெரிந்த எவராலும் முடியும்.

பக்கப் பேரிங்குகளின் மூடிகளை ஒன்றுக்கொன்று மாற்றிவிடாமல் இருக்க, கழற்றும் முன்பே பஞ்ச் உளியால் இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு புள்ளி அடித்துவிடுங்கள். அவை ஹவுசிங் என்ற வெளிக்கூட்டோடு சேர்த்துக் கடையப்பட்டவை; இடம் மாறினால் வட்டம் கெடும். பினியனுக்கு அடியில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகட்டு வளையத்தின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கிரவுனின் பல்லில் டயல் கேஜை வைத்து பேக்லாஷை, அதாவது பற்களுக்கு இடையிலான ஆட்டத்தைப் பாருங்கள். பிறகு பற்களில் மஞ்சள் களிம்பு பூசி, சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழ வேண்டும். நுனியிலோ அடியிலோ விழுந்தால் ஷிம்மை மாற்றி மறுபடியும்.

எனக்கு ஐந்து முறை ஆனது. பழைய பேரிங்கின் உள்வளையத்தைச் சற்றே தேய்த்து, கையால் ஏற்றி இறக்கும்படி செய்துகொண்டால் ஒவ்வொரு முறையும் பிரஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. சரியான ஷிம் கிடைத்த பிறகு புதிய பேரிங்கை ஏற்றினால் போதும். நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஒரு முனகல்கூட இல்லை.

பழைய பட்டறை

நூலளவு, உங்கள் கைக்கு என் வணக்கம். நீங்கள் எழுதியதில் பிழையே இல்லை. ஆனால் பினியன் நட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. வந்தவர்கள் எல்லாம் கெட்டுப்போகும் இடம் அதுதான்.

பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே மெல்லிய இரும்புக் குழாய் ஒன்று இருக்கும். நசுங்குவதற்கென்றே செய்த குழாய் அது. நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கும், பேரிங்குகள் ஒன்றையொன்று நெருங்கும். நசுங்கத் தொடங்கவே 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் பிடிக்கும். நீளக் கம்பியை வைத்து இரண்டு கையாலும் தொங்க வேண்டும். ஆனால் நாம் அளப்பது அந்த இறுக்கத்தை அல்ல. பினியனைக் கையால் சுற்றும்போது எவ்வளவு முரண்டுபிடிக்கிறது என்பதைத்தான். பெரும்பாலான சிறிய கார்களில் அது ஒன்று, ஒன்றரை நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். ஆளே தொங்கும் பலத்தைக் கொடுத்து, விரலால் உணரும் அளவைப் பிடிக்க வேண்டும். கால் சுற்று கூடிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. நசுங்கிய குழாய் நசுங்கியதுதான். எல்லாவற்றையும் பிரித்து, புதிய குழாய் போட்டு, முதலிலிருந்து.

என் பட்டறையில் வாரத்துக்கு இரண்டு டிஃபரன்ஷியல் அளவு பிடித்த காலத்தில்கூட, இரண்டு குழாய்களை வாங்கி வைத்துக்கொண்டுதான் தொடங்குவேன்.

என் எண்ணம் இதுதான். டிஃபரன்ஷியல் வேலை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேலைகள். ஒன்று தூக்குகிற வேலை: கழற்றுவது, இறக்குவது, ஏற்றுவது. அதற்குப் பொறுமையும் பலமும் பாதுகாப்பும் போதும், அதை வீட்டில் செய்யலாம். இன்னொன்று அளக்கிற வேலை: மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பார்க்கும் வேலை. அது அதை வாரந்தோறும் செய்கிற கைக்குப் போகட்டும். வண்டியோடு கொண்டுபோனால் இரண்டுக்கும் சேர்த்துக் கூலி. கழற்றிய டிஃபரன்ஷியலை மட்டும் மேசையில் கொண்டுபோய் வைத்தால் அளக்கும் வேலைக்கு மட்டும் கூலி.

நூலளவு

திட இரும்புக் குழாயும் ஷிம்மும் போட்டால் நசுங்கும் சிக்கலே இல்லையே ஐயா? நட்டைச் சொன்ன டார்க்குக்கு இறுக்கிவிட்டு, முரண்டு கூடினால் ஷிம்மைக் கூட்டி, குறைந்தால் குறைத்து, எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் அதைத்தான் செய்தேன்.

பழைய பட்டறை

செய்யலாம், எல்லா டிஃபரன்ஷியலுக்கும் அது கிடைப்பதில்லை என்பது ஒன்று. இன்னொன்று, அந்த டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் காந்தத் தாங்கியும் உங்களிடம் முன்பே இருந்தனவா, இதற்காக வாங்கினீர்களா?

நூலளவு

இதற்காகத்தான் வாங்கினேன். இப்போது அலமாரியில் இருக்கின்றன. சரி, புரிகிறது.

மூன்றாம் கியர்

கொஞ்சம் பொறுங்கள். 'அளக்கிற வேலை பட்டறைக்கு' என்றால் எந்தப் பட்டறைக்கு? நான் சுற்றுப்பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவள். வருடத்துக்கு ஒரு டிஃபரன்ஷியலாவது என்னிடம் அழும்.

ஒருமுறை பினியன் ஆயில் சீல் கசிந்தது. சிறிய வேலைதானே என்று ஒரு பொதுப் பட்டறையில் விட்டேன். நட்டைக் கழற்றும் முன் அது நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளவில்லை. புதிய சீலைப் போட்டு, காற்று ரெஞ்சால் 'டர்ர்' என்று அது நிற்கும் வரை இறுக்கிவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்; அப்போது எனக்கு விவரம் தெரியாது. இரண்டாயிரம் கிலோமீட்டரில் பேரிங் நீலம் பாய்ந்து போயிற்று. பிரித்தபோது உருளைகள் வெந்த நிறத்தில் இருந்தன. கேட்டால், "நீங்கள் தடத்தில் ஓட்டுகிறீர்களே அம்மா" என்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சீல் கசிந்ததற்கே காரணம் வேறு. டிஃபரன்ஷியலின் மேலே ஒரு சின்ன மூச்சுத்துளை இருக்கிறது. சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே சூடேறும் காற்று வெளியே போக வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். ஒரு குண்டூசியால் குத்தியிருந்தால் முடிந்திருக்கும்.

இப்போது நான் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். பினியனின் சுழல் முரண்டை எதால் அளப்பீர்கள்? பல்தடத்தைப் படமெடுத்துத் தருவீர்களா? முதல் கேள்விக்கு "கைக்கே தெரியும்" என்று பதில் வந்தால் திரும்பிவிடுவேன்.

எண்ணெய்க்கறை

ஐயா, உங்கள் கைக்குத் தெரியுமா?

பழைய பட்டறை

தெரியும். ஆனாலும் அளப்பேன். தெரியும் என்று நினைத்து அளக்காமல் விட்ட இரண்டு என்னிடம் திரும்பி வந்தன.

ஞாயிறு மெக்கானிக்

வளைவுப்பிரியன், அந்தப் பழைய டிஃபரன்ஷியலுக்குப் பணம் கொடுக்கும் முன் பொருந்துமா என்று பாருங்கள். "அதே கார்தான்" என்று விற்பவர் சொல்வது போதாது. நான் மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் எஞ்சினோடு வந்ததில் கிரவுன் 6 அங்குலம். 1994 மாடலில் 1.8 லிட்டர் வந்தபோது அதை 7 அங்குலமாக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கார், ஒரே பெயர். ஆனால் பெரியதைச் சிறியதன் இடத்தில் வைக்க ஆக்சில் ஷாஃப்டுகள் மாற வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையும் மாற வேண்டும். டிஃபரன்ஷியலை மட்டும் வாங்கி வந்து வாசலில் வைத்துக்கொண்டு விழித்தவர்களை நான் அறிவேன். நிசானில் ஆர்180, ஆர்200 என்ற பெயர்களே கிரவுனின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்வதுதான். அங்கேயும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நேராக உட்காராது.

அப்புறம், சில கார்களில் டிஃபரன்ஷியல் தனியாகத் தொங்குவதில்லை. என்னுடையதில் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று பிணைத்திருக்கும். அதைக் கழற்றினால் கியர்பாக்ஸின் வால் தொங்கிவிடும். முதலில் அதற்கு ஒரு ஜாக்கி முட்டுக்கொடுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது அந்தச் சட்டத்தின் உயரத்தை அளந்துதான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி வண்டி அதிரும். உங்கள் காரில் எப்படி என்று கையேட்டைப் பாருங்கள்.

மூன்றாம் கியர்

கழற்றுகிறபோதே எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) போட்டுவிடலாமே? எத்தனை முறை இறக்கப்போகிறீர்கள்?

பழைய பட்டறை

அம்மா, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். முதலில் ஊளை நிற்கட்டும்.

வளைவுப்பிரியன்

ஆசைதான் அக்கா, இப்போது வேண்டாம். ஐயா சொன்ன வழியில் போகிறேன். பழைய டிஃபரன்ஷியலை வாங்கிவிட்டேன். ஹவுசிங்கின் எண் பொருந்துகிறது. ஆனால் ஒரு குழப்பம். என் காரின் விகிதம் 4.3, அதாவது கிரவுன் ஒரு சுற்றுச் சுற்ற, பினியன் 4.3 சுற்றுச் சுற்ற வேண்டும். வாங்கி வந்ததைத் தரையில் வைத்து, ஒரு பக்கத்தில் குட்டைத் தண்டைச் செருகி வெள்ளைக் கோடு போட்டு, இன்னொரு பக்கத்தை நண்பன் பிடித்துக்கொள்ள, பினியன் முனையைச் சுற்றினேன். தண்டு ஒரு சுற்றுச் சுற்ற, பினியன் இரண்டே சுற்றுதான் சுற்றுகிறது! விகிதம் 2 என்று எந்தக் காரிலாவது உண்டா? தவறான பொருளை வாங்கிவிட்டேனா?

நூலளவு

பதறாதீர்கள். உங்கள் நண்பன் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டானே, அதுதான் காரணம். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பக்கம் நின்றுவிட்டால் மறுபக்கம் கிரவுனைப் போல இரண்டு மடங்கு சுற்றும். டிஃபரன்ஷியலின் பிழைப்பே அதுதான். வளைவில் உள்சக்கரம் இழக்கும் சுற்று வெளிச்சக்கரத்துக்குப் போகிறது. இங்கே ஒன்று முழுதாக இழக்க, மற்றொன்று முழுதாகப் பெறுகிறது.

ஒரே ஒரு சுற்றை எண்ணினால் 4.1ஐயும் 4.3ஐயும் பிரித்தறிய முடியாது. நண்பனை விடாமல் பிடிக்கச் சொல்லி, தண்டை 20 சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் கிரவுன் 10 சுற்றுச் சுற்றியிருக்கும். பினியன் 43 சுற்று வந்தால் உங்களுடையது. 41 என்றால் 4.1.

வளைவுப்பிரியன்

41. மூன்று முறை எண்ணினோம்.

ஞாயிறு மெக்கானிக்

அப்படியானால் ஆரம்ப வேகம் எடுப்பது சற்று மந்தமாகும், நெடுஞ்சாலையில் எஞ்சின் அமைதியாகும். 4.3இல் 3,500 சுற்றில் ஓடிய அதே வேகத்தில் இப்போது ஏறத்தாழ 3,340. வீட்டில் மாற்றுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது ஸ்பீடோமீட்டரை. உங்கள் காரில் அது கியர்பாக்ஸிலிருந்து கேபிள் வழியாகப் போகிறதா? ஆம் என்றால் டிஃபரன்ஷியல் மாறியது அதற்குத் தெரியாது. முள் 100 காட்டும்போது நீங்கள் 105இல் போவீர்கள். கியர்பாக்ஸில் கேபிளைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தை வேறு பல் எண்ணிக்கையில் மாற்றினால் சரியாகிவிடும்.

எண்ணெய்க்கறை

கிரவுனையும் பினியனையும் மட்டும் காரில் இருப்பதிலிருந்து எடுத்து இதில் போட்டால்?

பழைய பட்டறை

ஜோடியாக எடுத்தால் முடியும், ஆனால் அது முழு அளவு வேலை. அவர் தவிர்க்கப் பார்ப்பதே அதைத்தான். ஒன்றை மட்டும் எடுத்தால் முடியவே முடியாது. 41க்கும் 10க்கும் பொதுவாக வகுக்கும் எண் இல்லை பாருங்கள். அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் ஒவ்வொரு பல்லையும் ஒருமுறையாவது சந்தித்துவிடும். தொழிற்சாலையிலேயே இரண்டையும் சேர்த்து உரசிப் பழக்கித்தான் அனுப்புகிறார்கள். பிரித்து வேறு துணையோடு சேர்த்தால் ஊளை நிச்சயம்.

4.1ஐயே போடுங்கள் தம்பி. ஆனால் மாட்டும் முன் அளக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். இன்னொருவர் காரில் அது எப்படி ஓடியது என்று நமக்குத் தெரியாது.

வளைவுப்பிரியன் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

முடிந்தது. விவரமாக எழுதுகிறேன், இனி செய்யப்போகிறவர்களுக்கு உதவட்டும்.

டிஃபரன்ஷியல் வேலை மட்டுமே செய்யும் ஒருவரைக் கண்டுபிடித்தேன். மூன்றாம் கியர் அக்காவின் இரண்டு கேள்விகளையும் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், மேசை இழுப்பறையிலிருந்து முள் வைத்த சிறிய டார்க் ரெஞ்சை எடுத்து என் முன்னால் வைத்தார். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. வாங்கி வந்த டிஃபரன்ஷியலைத் திறந்து நான்கு இடங்களில் பேக்லாஷ் பார்த்தார். நான்கும் கையேடு சொல்லும் வரம்புக்குள், 0.09க்கும் 0.11 மில்லிமீட்டருக்கும் நடுவில். பல்தடம் நன்றாக இருந்தது. ஆனால் பினியனில் முரண்டே இல்லை, பேரிங் தளர்ந்துவிட்டது. பேரிங்குகள், நசுங்கும் குழாய், மூன்று ஆயில் சீல்கள் எல்லாம் புதிதாகப் போட்டுத் தந்தார். தடத்தின் படமும் தந்தார். மறுநாள் மாலை கையில் வந்துவிட்டது. என் காரிலிருந்து கழற்றிய பிறகு, கிழிந்த புஷ்ஷையும் கொடுத்தேன். பிரஸ்ஸில் வைத்து புதியதை ஏற்றிக் கொடுத்தார்.

இனி என் பங்கு. நான்கு சக்கரங்களையும் சம உயரத்தில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் நுழையும் முன் காரை ஆள் பலம் கொண்ட மட்டும் ஆட்டிப் பார்த்தோம். ஜாக்கியை நம்பி ஒரு கைகூட உள்ளே போகவில்லை. சைலன்சரை இறக்கினோம். புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையில் ஒரு பெயின்ட் கோடு. சக்கர அலைன்மென்டை நிர்ணயிக்கும் மையம் விலகிய போல்ட்டுகளுக்கும் அப்படியே கோடு. காலை ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை எட்டரைக்கு இங்கே வந்து நின்றது: சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையைத் தாங்கும் நீளப் போல்ட்.

நட்டு எளிதாக வந்துவிட்டது. போல்ட் திரும்பியது, ஆனால் வெளியே வரவில்லை. அது திரும்பும்போது புஷ்ஷின் உட்குழாயும் சேர்ந்தே திரும்பியது. இரண்டும் துருவால் ஒன்றாகியிருந்தன. துருநீக்கி ஊற்றினோம், சூடேற்றினோம், சுத்தியால் அடித்தோம். சூட்டில் ரப்பர் புகைந்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றம் இரண்டு நாள் என் சட்டையில் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு நண்பன் சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோதும் நான் அதே போல்ட்டின் கீழே அதே கோணத்தில் கிடந்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்து எடுத்தோம். மணி இரண்டு. ஒரு போல்ட்டுக்கு ஐந்தரை மணி நேரம். புதிய போல்ட்டை முன்பே வாங்கி வைத்திருந்தது என் அறிவு அல்ல, இந்த வேலையை முன்பு செய்த ஒருவர் சொன்னது.

மற்றதெல்லாம் இரண்டே மணி நேரம். ஆக்சில் ஷாஃப்டுகளை நெம்பி வெளியே இழுத்து, கீழே தொங்கவிடாமல் கம்பியால் சட்டத்தோடு கட்டினோம். டிஃபரன்ஷியலை ஜாக்கியின் மேல் வைத்த பலகையில் இறக்கி, பெல்ட்டால் கட்டினோம். இறக்கும்போது அது எடை கூடிய பக்கமாகச் சாய்ந்தது. அந்த நொடியில் நண்பன் இல்லையென்றால் என் விரல் இல்லை. ஏற்றும்போதும் இரண்டு பேர் வேண்டும், அதில் பேச்சே இல்லை.

ஆயில், ஜிஎல்-5 தரத்தில் 75டபிள்யூ-90 தடிமன். வண்டி சமமாக நின்றதால் ஊற்றும் துளையில் வழியும் வரை ஊற்றினேன்; ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது. பின்பக்கத்தை மட்டும் தூக்கி ஊற்றுகிறவர்கள் கவனியுங்கள். ஆயில் முன்னால் ஓடிவிடும், துளை வரை வர அளவுக்கு மேல் ஊற்றிவிடுவீர்கள்.

இரண்டு சனி ஞாயிறுகள் போயின. அலைன்மென்ட் மட்டும் வெளியே செய்தேன்.

நூலளவு

முதல் ஓட்டம் எப்படி? புதிய பேரிங்கை ஒரேயடியாக விரட்டவில்லையே?

வளைவுப்பிரியன்

இல்லை. முதல் நாள் இருபது நிமிடம் மெதுவாக ஓட்டி, முழுதாக ஆறவிட்டேன். அப்படி மூன்று முறை. 600 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிட்டேன். காந்தத்தில் மெல்லிய களிம்பு மட்டும். இடி போயிற்று. ஊளையும் போயிற்று.

எண்ணெய்க்கறை

சொன்னேன் பார்த்தீர்களா, நட்டும் போல்ட்டும்தான்.

வளைவுப்பிரியன்

அந்த ஒரு போல்ட்டை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன், முகவரி கொடுங்கள்.

ஐயாவிடம் இன்னொரு கேள்வி. ஊளை நின்ற பிறகு, அடியில் வேறு ஒரு சத்தம் கேட்கிறது. மெல்லிய உறுமல். 60க்கு மேல் எப்போதும் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டாலும் போகவில்லை, நியூட்ரலிலும் போகவில்லை. முன்பே இருந்து, ஊளைக்குள் மறைந்திருந்ததோ என்று தோன்றுகிறது.

பழைய பட்டறை

வலப்பக்கம் வளையும்போது கூடுகிறதா தம்பி?

வளைவுப்பிரியன்

கூடுகிறது.

பழைய பட்டறை

ஸ்டாண்டுகளை உள்ளே எடுத்துவைக்காதீர்கள்.